பத்தாவது கேள்வி

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் நெடுஞ்சாலையை விட்டுச் சற்று விலகினால் தொரப்பள்ளி. அரசாங்கக் காகிதங்களில் 'அக்ரகாரம்' என்னும் ஒட்டும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். ராஜாஜி பிறந்த ஊர் என்று பொது அறிவுப் புத்தகங்களில் ஒரு வரி உண்டு. அந்த வரிக்கு அப்பால் இவ்வூரைப் பற்றி வெளியூரார் எவரும் எங்களிடம் கேட்டதில்லை. எங்களுக்கு அது அம்மா பிறந்த ஊர். கோடை விடுமுறைகளில் நாங்கள் போய் இறங்கிய ஊர். மாமாவின் மாட்டுக் கொட்டில், வைக்கோற்போர், தென்பெண்ணையின் மணல் என்று எங்கள் பாலியத்தின் பாதி அங்கேதான் கிடக்கிறது.

தொரப்பள்ளியின் வரலாறு என்று தொடங்கி அதன் மக்கள்தொகை என்று முடித்துவிடலாம் என்ற எண்ணத்துடன்தான் இக்கட்டுரையை எழுத உட்கார்ந்தோம். எழுதப் புகுந்தபோது எங்கள் வீட்டு விவகாரம் ஒன்று குறுக்கே வந்து நின்றுகொண்டது. அதை விலக்கிவிட்டு மேலே போக இயலவில்லை. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

அந்த ஊரில் ஒரு பொருளுக்குக் குறைந்தது மூன்று பெயர். கேழ்வரகு மாவைக் கிளறி உருட்டி வைத்தால் தமிழ் பேசும் வீட்டில் களி, தெலுங்கு வீட்டில் சங்கடி, கன்னட வீட்டில் முத்தெ. உருண்டை ஒன்றுதான், தொட்டுக்கொள்ளும் கீரைக் குழம்பும் ஒன்றுதான். தெருவில் விளையாடும் பிள்ளைகள் எந்த வீட்டில் பசியாறுகிறார்களோ அந்த வீட்டுச் சொல்லைச் சொல்லிக் கேட்பார்கள். இதை எவரும் பன்மொழிப் புலமை என்று சொன்னதில்லை. ஊர்ப் பெயரும் அப்படித்தான். 'பள்ளி' எல்லார்க்கும் பொது. சற்றுத் தள்ளிப் போனால் 'அள்ளி' ஆகும், எல்லை கடந்தால் 'ஹள்ளி' ஆகும். 'தொர' என்பது தெலுங்கில் துரை; யாரோ ஒரு பாளையக்காரத் துரைக்குச் சொந்தமான ஊர் என்று அம்மா சொல்வார். சான்று கேட்டால் முறைப்பார். தமிழ் முதுகலை படித்தவர்கள் சான்று கேட்பதையே தொழிலாகக் கொண்டிருக்கிறோம் என்பது அவருடைய நெடுநாள் குறை.

ஓசூர் என்ற பெயரே கன்னடம். 'ஹொஸ ஊரு', புதிய ஊர். மலைமேல் இருக்கும் சந்திரசூடேசுவரர் கோயிற் கல்வெட்டுகளில் ஊரின் பழைய பெயர் செவிடபாடி. புதிய ஊர் என்ற பெயரும் பழையதாகிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன; ஆயினும் ஒவ்வொரு தலைமுறையும் ஓசூரை ஒரு புது ஊராகவே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த மேட்டு நிலத்தில் அரசுகள் வந்து போன தடங்களைப் பின்தொடர்ந்தால் மொழியின் குழப்பம் இன்னும் சுவையாக இருக்கும். போசள வீர ராமநாதனுக்குத் திருச்சிக்கு அருகே கண்ணனூர் தலைநகராக இருந்தது. 1279இல் மாறவர்மன் குலசேகர பாண்டியனிடம் தோற்ற பின் அவன் இந்தப் பக்கம் ஒதுங்கிக் குந்தாணியைத் தலைநகராக்கிக்கொண்டான். கிருஷ்ணகிரி வட்டாரத்தில் சின்னக்கொத்தூர் என இன்று வழங்கும் சிற்றூர்ப் பகுதிதான் அது. கன்னட மரபில் வந்த அந்த அரசன் வெட்டிவைத்த கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். ஆட்டு மந்தையும் கேழ்வரகுக் கொல்லையுமாகக் கிடக்கும் அவ்விடத்தில் ஒரு பேரரசின் பாதி குடியிருந்தது என்று மாணவர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

அதன்பின் விசயநகரம், பாளையக்காரர்கள், ஹைதர், திப்பு. 1792 உடன்படிக்கையில் மலைக்குக் கீழே இருந்த பாராமகால் கும்பினியார் கைக்குப் போயிற்று; மலைக்கு மேலே இருந்த ஓசூர்ப் பகுதி 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு வந்து சேர்ந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே பணியாற்றிய தாமஸ் மன்றோவும் பாராமகாலில் நிலத்தை அளந்தார்கள், கிணறுகளை எண்ணினார்கள், ஏர்களை எண்ணினார்கள். அவர்கள் விட்டுச் சென்ற ஆவணங்கள் பின்னாளில் அச்சேறியபோது குடிமக்களைப் பற்றியே தனித் தொகுதி ஒன்று வேண்டியிருந்தது. வரி வாங்க வேண்டுமானால் ஆளை எண்ணித்தானே ஆகவேண்டும்? இந்நிலத்தில் மனிதர்கள் கணக்கானது அப்போதிலிருந்துதான்.

கணக்கு என்றால் இரக்கமற்ற ஒரு கணக்கு உண்டு. 1871இல் சேலம் மாவட்டத்தில் எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். ஓசூரும் கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அப்போது சேலத்தைச் சேர்ந்தவை. பத்தாண்டு கழித்து 1881இல் எண்ணியபோது இருந்தவர்கள் ஏறத்தாழ 16 லட்சம். பிறந்தவர்கள் எல்லாரையும் சேர்த்த பிறகும் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைவு. இடையில் வந்தது தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. இழந்த எண்ணிக்கையை மாவட்டம் கிட்டத்தட்ட எட்டிப்பிடிக்க 1891 ஆயிற்று. எங்கள் அவ்வைக்கு அவருடைய அவ்வை சொன்ன கதைகளில் எல்லாம் இந்தப் பஞ்சம் வரும். கற்றாழைக் கிழங்கு தின்றது, ஆற்று மணலில் ஊற்று தோண்டிக் காவல் இருந்தது, கிழக்கே போனவர்கள் திரும்பி வராதது. எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டால் அவ்வை இரு கைகளையும் விரித்துக் காட்டுவார். அந்த விரித்த கைகளுக்குள் எத்தனை பேர் என்பது எந்தப் பேரேட்டிலும் இல்லை.

பஞ்சம் ஓய்ந்த அந்த 1878ஆம் ஆண்டின் டிசம்பர் 10ஆம் நாள் தொரப்பள்ளியில் முன்சீப்பாக இருந்த சக்கரவர்த்தி வேங்கடார்ய ஐயங்காருக்கும் சிங்காரம்மாவுக்கும் மூன்றாவது மகன் பிறந்தான். அந்தப் பிள்ளைதான் பின்னாளில் சென்னை மாகாணத்தின் பிரதமர், இந்தியாவின் தலைமை ஆளுநர், 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுதியவர். மூன்றரை லட்சம் பேர் குறைந்த பேரேட்டில் கூடிய ஒருவர். சிறு வயதிலேயே குடும்பம் ஓசூருக்குப் பெயர்ந்தது. ஓசூரில் பள்ளி, பெங்களூரு சென்ட்ரல் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி, பிறகு சேலத்தில் வழக்குரைஞர் தொழில். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் படிப்புக்குப் பெங்களூருக்குப் போவது அன்றே தொடங்கிவிட்டது. பிறந்த வீடு இப்போது அரசு நினைவில்லம். ஓடு வேய்ந்த, தாழ்வாரம் தணிந்த, குளிர்ந்த வீடு. சிறுவயதில் நாங்கள் அங்கே போனது வெயிலுக்கு ஒதுங்கத்தான். 1937 அக்டோபர் 1ஆம் நாள் அவர் மதுவிலக்கைத் தொடங்கிவைத்தது தம் சொந்தச் சேலம் மாவட்டத்தில். மைசூர் சமஸ்தானத்தின் எல்லை கூப்பிடு தூரத்தில் இருந்த எங்கள் பக்கத்தார் அந்த விலக்கை எப்படிக் கொண்டாடியிருப்பார்கள் என்பதை வாசகர் ஊகத்துக்கே விட்டுவிடுகிறோம்.

அம்மா பிறந்தது 1945இல். அப்போது தொரப்பள்ளி சேலம் மாவட்டம். 1965இல் தருமபுரி மாவட்டம் ஆயிற்று. 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் ஆயிற்று. ஊர் இம்மியும் நகரவில்லை. மொழிவாரி மாநிலங்கள் அமைந்த 1956 நவம்பர் 1ஆம் நாள் அம்மாவுக்குப் பதினொரு வயது. கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்த கொள்ளேகால் அன்று மைசூருக்குப் போயிற்று. ஓசூர் சென்னை மாநிலத்திலேயே தங்கிற்று. அந்த நாளைப் பற்றி அம்மாவிடம் பலமுறை கேட்டிருக்கிறோம். கூட்டம் நடந்ததா, கொடி ஏற்றினார்களா, பெரியவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள்? அம்மாவுக்கு எதுவுமே நினைவில்லை. அந்த வருஷம் செவலைப் பசு கன்று ஈன்றது மட்டும் நினைவிருந்தது.

வேறு தேசங்களில் இது இவ்வளவு அமைதியாக நடந்ததில்லை. 1923இல் லோசானில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி கிரேக்கமும் துருக்கியும் குடிமக்களை மாற்றிக்கொண்டன. சுமார் 12 லட்சம் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் கிரேக்கத்துக்கு வந்தார்கள். மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் துருக்கிக்குப் போனார்கள். மதத்தை வைத்துப் பிரித்தார்கள்; மொழியை எவரும் கேட்கவில்லை. அனத்தோலியாவின் உள்நாட்டில் துருக்கி மொழியையே வீட்டு மொழியாகக் கொண்டிருந்த கிறித்தவர்கள் கிரேக்கர்கள் என்று முத்திரை குத்தப்பட்டுக் கப்பலேறினார்கள். கிரேக்கம் தெரியாத கிரேக்கர்கள். வந்து இறங்கிய சிற்றூர்களுக்கும் அந்த ஆண்டுகளில் பெயர் மாறிற்று. துருக்கியப் பெயரும் சிலாவியப் பெயரும் போய்க் கிரேக்கப் பெயர் வந்தது. இன்று அவ்வூர்களின் வரலாற்றைப் புரட்டினால் பழைய பெயர், புதிய பெயர், மக்கள்தொகை என்று மூன்றே வரிகளில் எல்லாம் அடங்கிவிடும். அந்த மூன்று வரிகளைப் படித்தபோதுதான் தொரப்பள்ளியைப் பற்றி எழுதவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றிற்று. எங்களை எவரும் கப்பலேற்றவில்லை. வேண்டியதை நாங்களே செய்துகொண்டோம்.

எழுபதுகளில் ஓசூருக்குச் சிப்காட் வந்தது. கேழ்வரகும் அவரையும் விளைந்த மேட்டு நிலத்தில் ஆலைகள் எழுந்தன. 1980இல் அசோக் லேலண்ட் வண்டிகளும் டிவிஎஸ் 50 மொபெடுகளும் இங்கிருந்து புறப்பட்டன. எண்பதுகளின் பின்பாதியில் டைட்டன் கைக்கடிகாரங்கள். அப்பா அவற்றுள் ஒன்றின் வாயிலில் காவலாளி. தஞ்சாவூரிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஐடிஐ படித்த இளைஞர்கள் வந்து குவிந்தார்கள். ஓசூர்த் தெருக்களில் தமிழ் பெருகியது அப்போதுதான் என்று சொன்னால் எங்கள் நண்பர்களிற் சிலர் வருந்துவார்கள். ஆயினும் நாங்கள் கண்டது அது. 2001இல் 84 ஆயிரமாக இருந்த ஓசூர் நகராட்சியின் மக்கள்தொகை 2011இல் 1 லட்சத்து 16 ஆயிரத்தைத் தாண்டியது. 2019இல் ஊர் மாநகராட்சி. இப்போது கைப்பேசி உறுப்புகள் செய்யும் ஆலைகளில் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கிறார்கள்; ஒடியாவும் இந்தியும் அஸ்ஸாமியமும் பேருந்து நிலையத்தில் கேட்கின்றன. 2024 ஜூனில் இரண்டாயிரம் ஏக்கரில் விமான நிலையம் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்த மறுவாரமே மாமாவின் வீட்டு வாசலில் நிலத் தரகர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

தென்பெண்ணை மட்டும் வேறு கதை. நந்தி மலையில் பிறந்து, தட்சிண பினாகினி என்ற பெயரில் கர்நாடகத்தில் ஓடி, இங்கே வந்து கெலவரப்பள்ளி அணையில் தேங்கும் ஆறு. பெங்களூரின் கழிவைச் சுமந்து வருகிறது. மழைக்காலத்தில் மதகு திறந்தால் வெண்ணுரை தேர்த் தட்டு உயரத்துக்கு எழும்பித் தொரப்பள்ளித் தரைப்பாலத்தை மூடுகிறது. நாங்கள் ஊற்றுத் தோண்டிக் குடித்த மணல் இப்போது கரும் சேறு. ஆற்றுக்குப் பெயர் எந்த மொழியில் இருந்தால் என்ன?

இனி எங்கள் வீட்டு விவகாரம்.

2011 பிப்ரவரி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இரண்டாம் சுற்று. ஒரு மாலையில் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் தோளில் பையும் கையில் நீண்ட படிவமுமாக வந்தார். நாள் முழுவதும் நடந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அம்மா அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவருகே தரையில் உட்கார்ந்துகொண்டார். கல்லூரியில் வேலை கிடைத்திருந்த புதிது. வாசலில் பெயர்ப்பலகை, அதில் எம்.ஏ., எம்.ஃபில். ஆசிரியை பலகையைப் பார்த்துவிட்டு, "தமிழ் சாருங்களா?" என்று மரியாதையுடன் கேட்டார். அந்த மரியாதை எங்களுக்கு இனித்தது.

பெயர், உறவு, பால், வயது, மணநிலை, மதம் என்று வரிசையாகப் போய்ப் பத்தாவது கேள்விக்கு வந்தார். தாய்மொழி.

அந்தக் கேள்விக்கு அரசாங்கம் தரும் விளக்கம் அழகானது. ஒருவருடைய தாய் அவரது குழந்தைப் பருவத்தில் அவரிடம் பேசிய மொழியே அவருடைய தாய்மொழி. தாய் முன்பே இறந்திருந்தால் அவ்வீட்டில் பேசப்பட்ட மொழி. படித்த மொழி அன்று, மாநிலத்தின் மொழி அன்று, விரும்பும் மொழியும் அன்று. சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும் என்பது கணக்கெடுப்பாளருக்கு இடப்பட்டிருக்கும் கட்டளை. ஆகவே அந்த ஆசிரியையின் மேல் எள்ளளவும் பிழையில்லை.

"தமிழ்" என்றோம். "எல்லாருக்குமா?" என்றார். "எல்லாருக்கும்தான்."

நாங்கள் என்றே எழுதிவருகிறோம். வீட்டில் மற்றவர்களும் இருந்தார்கள், எவரும் மறுக்கவில்லை. ஆனால் வாய் திறந்து சொன்னது கல்லூரியில் தமிழ் சொல்லித்தரும் வாய்தான்.

பதினோராவது கேள்வி, அறிந்த பிற மொழிகள். இரண்டு வரை சொல்லலாம். அம்மாவுக்கு என்ன என்று கேட்டார் ஆசிரியை. தெலுங்கு, கன்னடம் என்றோம். இவ்வாறாக, அம்மா எங்களைத் தாலாட்டிய மொழி, எங்களை அடித்த மொழி, அப்பா இறந்த அன்று மார்பில் அடித்துக்கொண்டு அழுத மொழி, அவர் அறிந்த பிறமொழி ஆயிற்று.

ஆசிரியை போன பிறகு அம்மா கேட்டார். "ஏமி ராசிரி?" என்ன எழுதினார்கள் என்று.

"பேரு ராசிரி அம்மா," என்றோம்.

"தொரப்பள்ளின்னு ராசிரா?"

பிறந்த இடமும் அப்படிவத்தில் ஒரு கேள்வி. அதற்கு உண்மையைத்தான் சொல்லியிருந்தோம். எழுதினார்கள் என்றதும் அம்மாவுக்கு மகிழ்ச்சி. மோர்த் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அரைப் பொய்க்கு அரை உண்மை துணை நின்றது.

ஏன் அப்படிச் சொன்னோம் என்பதற்குப் பல காரணங்களைப் பின்னர் அடுக்கிக்கொண்டோம். எல்லையோரத்தில் எண்ணிக்கையை வைத்து உரிமை கோருகிறார்கள், ஓசூர் எங்களுடையது என்று அந்தப் பக்கம் அவ்வப்போது கூச்சல் எழுகிறது, நாம் ஒரு கல்லை எடுத்துக் கொடுக்கலாகாது என்பது ஒன்று. பத்தாண்டு தமிழ் இலக்கியம் படித்தவன் தமிழனில்லாமல் வேறு யார் என்பது மற்றொன்று. இரண்டிலும் சாரம் உண்டு. ஆனால் அம்மாவுக்கு அவை எப்படிப் பொருந்தும்? அம்மாவுக்குத் தமிழ் தெரியும். சந்தைக்கும் பேருந்துக்கும் ரேஷன் கடைக்கும் போதுமான தமிழ். எண்ணுவது தெலுங்கில். படி அளக்கும்போது முதற்படியை ஒன்று என்னாமல் "லாபம்" என்பார். பிறகு ரெண்டு, மூடு, நாலுகு. உண்மைக் காரணம் பெயர்ப்பலகைதான். தமிழ் சாரின் தாயாருக்குத் தெலுங்கா என்று அந்த ஆசிரியை நிமிர்ந்து பார்த்துவிடுவாரோ என்ற கூச்சம். அவர் நிமிர்ந்து பார்த்திருக்கவே மாட்டார் என்பது இப்போது தெரிகிறது. அவர் வீட்டிலும் என்ன பேசினார்களோ.

வகுப்பில் சங்க அகப்பாடல் நடத்தும்போது 'மொழிபெயர் தேயம்' என்ற தொடர் வரும். பொருள் தேடித் தலைவன் வேங்கட மலையைக் கடந்து போகும், மொழி மாறிவிடும் நாடு. ஒருமுறை பின் வரிசையிலிருந்து பாகலூர்ப் பையன் ஒருவன் எழுந்து, "சார், அது நம்ம ஊரா சார்?" என்றான். வகுப்பு சிரித்தது. பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசுகிறவர்கள். நாங்களும் சிரித்து, வேங்கடத்தின் இருப்பிடம், வடுகர் பற்றிய குறிப்புகள் என்று விரிவுரையைத் தொடர்ந்தோம். நல்ல விரிவுரைதான். கேட்டவனுக்கு விடை சொல்லவில்லை.

மொழி பற்றிய எண்கள் 2018இல் வெளியாயின. தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் இந்தியாவில் 8.11 கோடி, தமிழைச் சொன்னவர்கள் 6.90 கோடி. 2001இல் மூன்றாமிடத்தில் இருந்த தெலுங்கு மராத்திக்கு இடம்விட்டு நான்காமிடத்துக்கு இறங்கியிருந்தது. கல்லூரி நூலகத்தின் கணிப்பொறியில் அந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். கோடிகளில் ஒருவர் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? சிற்றூர்க் கணக்கில் வீடுகள், ஆண், பெண், ஆறு வயதுக்குட்பட்டோர், எழுத்தறிந்தோர், உழைப்போர் என்றெல்லாம் கட்டங்கள் உண்டு. மொழிக்குக் கட்டம் இல்லை. மொழிக்கணக்கு வட்டத்தோடு நின்றுவிடுகிறது. ஓசூர் வட்டத்தின் பெரிய எண் ஒன்றுக்குள் அம்மா கரைந்துவிட்டார். அவரைத் தனியே எடுத்துத் திருத்த வழியில்லை.

2019இல் அம்மாவுக்குப் பக்கவாதம். மருத்துவமனையில் கண் விழித்தபோது தமிழ் முற்றாகப் போயிருந்தது. சந்தைத் தமிழ், பேருந்துத் தமிழ், பேத்தியிடம் பேசுவதற்கென்று வயதான காலத்தில் முயன்று சேர்த்துக்கொண்ட தமிழ், எதுவும் இல்லை. செவிலியர் கேட்பதற்கு விழித்தார். நாங்கள் தெலுங்கில் கேட்டால் முனகினார். எங்கள் மகளுக்கு அப்போது பதினொரு வயது. அவளிடம் பிறந்த நாள் முதல் தமிழே பேசுவது என்று நாங்கள் முடிவெடுத்து நடத்தியிருந்தோம். ஆக அவளுக்குத் தமிழ் தாய்மொழி என்பது அரசாங்க விளக்கத்தின்படியே முழு உண்மை. கட்டிலருகே நின்று, "அவ்வ என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். தண்ணீர் கேட்கிறார், மாடு கட்டியாயிற்றா என்கிறார், ஆற்றில் வெள்ளமா என்கிறார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஓரிடத்தில் அம்மா சொன்னது எங்களுக்கே விளங்கவில்லை. தொரப்பள்ளியில் அவருடைய சிறுவயதில் வழங்கி, பிறகு வழக்கொழிந்த ஏதோ ஒரு சொல். மகள் எங்கள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள். "தூங்கணுமாம்" என்றோம்.

ஒன்பதாம் நாள் அம்மா இறந்தார்.

2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1ஆம் நாளைக் குறித்து 2025 ஜூனில் அறிவிக்கை வந்தது. இம்முறை சாதியும் கணக்கில் சேர்கிறது. படிவத்துக்குப் பதில் கைப்பேசி. நாமே நிரப்பிக்கொள்ளவும் வழி உண்டாம். எதிரே ஆசிரியை இருக்க மாட்டார், பெயர்ப்பலகையைப் பார்ப்பவர் எவரும் இருக்க மாட்டார். எங்கள் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதில் எங்களுக்குள் பேச்சு முடிந்துவிட்டது. அம்மாவுக்குத்தான் கட்டம் இல்லை.

சென்ற மாதம் மாமாவைப் பார்க்கத் தொரப்பள்ளிக்குப் போயிருந்தோம். எழுபத்தாறு வயது. அரை ஏக்கர் போக மற்ற நிலம் கைமாறிவிட்டது. அந்த அரை ஏக்கரில் வழக்கம்போல் கேழ்வரகு. அறுத்து, அடித்து, தூற்றி முடித்துத் திண்ணையில் குவித்திருந்தார். மகன் பெங்களூரில், மருமகள் அங்கேயே ஒரு கன்னடப் பெண். பேரனுக்கு ஆங்கிலம்தான் சரளம் என்று சொல்லிச் சிரித்தார்.

அடுத்த ஆண்டு கணக்கெடுக்க வருவார்கள் மாமா, தாய்மொழி என்ன என்று கேட்பார்கள், என்ன சொல்வீர்கள் என்று கேட்டோம். மிகுந்த தயக்கத்துக்குப் பின்னரே கேட்டோம் என்பதை இங்கே சொல்லவேண்டும்.

மாமா முறத்தை ஓரமாக வைத்தார். கேட்கிறவர் எந்த மொழியில் கேட்கிறாரோ அதையே சொல்லிவிடுவேன் என்றார். "பாவம், அவங்களும் பொழுது போகறதுக்குள்ளே வீடு போய்ச் சேரணும் இல்லையா நாயனா?"

பிறகு எங்களுக்கென்று ஒரு பையை விரித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, படியை எடுத்துக் குவியலில் புதைத்து, தலைதட்டிக் கவிழ்த்தார். "லாபம்," என்றார். அடுத்த படிக்குக் குனிந்தார்.